பாடு

என் பெரியம்மா 'கஷ்டம்' என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அவருக்கு எல்லாமே பாடுதான். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, மெட்டுக்குப் போய், ஏலக்காய் எடுத்துத் திரும்புவது வயித்துப்பாடு. நனைந்த சேலையோடு வந்து ஈர விறகில் அடுப்பு மூட்டுவது பெரும்பாடு. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் முழங்காலிட்டு முத்தி செய்வது பாடுபட்ட சுரூபம். மூன்றிலும் ஒரே சொல் கிடப்பது, அவர் மலைக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் மெட்டு என்றால் மலை ஏறி முடிகிற இடம். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏற முக்கியமான வழிகள் மூன்று. குமுளி, போடிமெட்டு, நடுவில் கம்பம்மெட்டு. முதல் இரண்டுக்கும் சுற்றுலாக்காரர்களால் பெயர் உண்டு. கம்பம்மெட்டுக்குப் பெயர் கூலிக்காரர்களால். கீழே திராட்சைப் பந்தலும் தென்னையும் வெயிலும். கொண்டைஊசி வளைவுகள் முடிந்து சோதனைச்சாவடியைத் தாண்டினால் காற்றின் ஈரமே வேறு. அங்கிருந்து கருணாபுரம் பஞ்சாயத்து, உடும்பன்சோலை தாலுகா, ஏலக்காடு. 1897இல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காடு என்று எல்லை போட்டு அறிவித்த பூமி இது. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது மலை அந்தப் பக்கமே இருந்துவிட்டது. கைகள் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. அதனால் கைகள் தினமும் ஏறி இறங்குகின்றன.

ஏலக்காய் எடுப்பதைப் பார்க்காதவர்கள் அதை ஏதோ பூப்பறிப்பதுபோல நினைக்கிறார்கள். செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். காய் மட்டும் அடித்தூரில், தரையில் படர்ந்த சரத்தில் இருக்கும். குந்தி உட்கார்ந்து, சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். இளங்காய் கையோடு வந்தால் கங்காணியிடம் ஏச்சு. ஒரே செடிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை. மருந்தடித்த மறுநாள் என்றால் கண் எரிச்சல். பச்சைக்காய் நாலைந்து கிலோ உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அந்த ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மறுவருஷம் விலை பாதாளத்துக்கு இறங்கியது. விலை ஏறும்போது கூலிக்கு அந்த வேகம் வராது. இறங்கும்போது மட்டும் வேலைநாள் உடனே குறையும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

தபசு காலத்தில் ஒரு முறை வெளியூரிலிருந்து தியானம் கொடுக்க ஒரு போதகர் வந்திருந்தார். நன்றாகப் பேசக்கூடியவர். துன்பம் கடவுளின் பரிசு, அவர் யாரை அதிகம் நேசிக்கிறாரோ அவர்களுக்கே அதிகம் தருகிறார், சிலுவையை முணுமுணுக்காமல் சுமப்பதே பாக்கியம் என்று ஒன்றரை மணி நேரம் உருகினார். பெரியம்மா ஒருசந்தி நோன்பு இருந்த வயிற்றோடு கடைசிவரை கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல மனுசன்தான் தம்பி. அட்ட கடிச்சிருக்காது."

அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்தப் பிரசங்கம் அவருக்கு உதவவில்லை. அவருடைய விசுவாசத்தை அது அசைக்கவும் இல்லை. அவர் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். அது எது என்பதே இந்தக் கட்டுரை.

துன்பத்துக்குக் காரணம் சொல்வது பழைய வியாதி. யோபுவின் நண்பர்கள் மூவரும் அவனைப் பார்க்க வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு வாய் திறந்தார்கள், விளக்கம் சொன்னார்கள், கடைசியில் கடவுளே அவர்கள்மேல் கோபப்படுகிறார். விளக்கம் கேட்டுக் கத்திய யோபுவின்மேல் அந்தக் கோபம் இல்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் ஏறிய தமிழ்க் குடும்பங்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கிடைத்தவர்களை ராஜமலையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் குழிமேட்டில் நின்று இதற்கு ஒரு நோக்கம் இருந்தது என்று சொல்லத் துணிகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. நிவாரணமும் வீடும் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு நின்றவரோடு பேசலாம்.

ஆனால் இதற்கு நேர் எதிராக ஒரு குரல் நம் மண்ணிலேயே உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட். அவருடைய தகப்பனார் அந்த மலையிலேயே மிஷன் ஊழியம் செய்து, 1929இல் மலேரியாவின் கொடிய வகைக் காய்ச்சலில் இறந்தவர். மகன் மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியல்ல, நோய் உணர்ச்சியைக் கொல்கிறது, உணர்ச்சி செத்த கை சூடு தெரியாமல் அடுப்பைத் தொடுகிறது, ஆணி குத்தியது தெரியாமல் வேலை செய்கிறது, அதனால்தான் அழிகிறது என்று பிராண்ட் நோயாளிகளின் கூடவே இருந்து கவனித்துக் கண்டார். வலிதான் கையைக் காக்கும் காவல்காரன். வலி ஒரு கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதியதெல்லாம் இந்த அனுபவத்திலிருந்துதான்.

தியானப் போதகர்கள் இதை ஆசையோடு எடுத்துக்கொள்கிறார்கள். பாதியை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் புகார். பிராண்ட் வலியை வைத்துக் கொண்டாடச் சொன்னவர் அல்லர். காவல்காரன் கத்தினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றார். முடங்கிய தொழுநோயாளியின் விரல்களுக்குத் தசைநாணை மாற்றித் தைத்து, அவை மறுபடி மடங்கும்படி செய்தார். குந்தி உட்கார்ந்து காய் கிள்ளும் பெண்ணின் இடுப்பு வலிக்கிறது என்றால், அந்த வலி யாரிடமோ எதையோ சொல்கிறது. வேலை நேரம் பற்றி, கூலி பற்றி, 10 பேர் போகிற ஜீப்பில் 20 பேர் போவது பற்றி. அதைக் கேட்காமல், வலி பரிசு என்று சொல்லி அவளையே சும்மா இருக்கச் சொல்வது காவல்காரனின் வாயைப் பொத்துவது.

பிராண்டோடு வேலை செய்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண். வேலூரில் படித்து மருத்துவரானவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. 30 வயதுகூட ஆகாத டாக்டர், முகத்திலும் வடு. அவரிடம் யாரும் இது கடவுளின் திட்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்க ஆசைப்படுகிறேன், ஆனால் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். பிராண்ட் சொன்னது வேறு. உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது, தொழுநோயாளிகளின் கைகளுக்கு, வந்து செய்யுங்கள் என்பது அதன் சாரம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, 1966இல் வேலூரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1986இல் இறந்தார். அவருடைய கால்கள் கடைசிவரை திரும்பவில்லை.

விபத்துக்கு அர்த்தம் கிடைத்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். வண்டி கவிழ்ந்தது, அவ்வளவுதான். அர்த்தம் இருந்தது அடுத்த படுக்கையில் கிடந்த ஆளின் மடங்காத விரலில். அவர் அங்கே போய் அதை எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் பெரியம்மாவின் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். கிறிஸ்து அனுபவித்ததைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் திருப்பாடுகள் என்கிறோம். மெட்டுக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் வழக்கமாகச் சொல்வது பீடானுபவம், அதாவது வாதையை அனுபவித்தல். (பாடு அவர்களிடமும் இல்லாமல் இல்லை, 'பாடுபீட' என்று சேர்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.) பீடை ஒருவன்மேல் வந்து விழுவது. பாடு அப்படியல்ல, அதில் உழைப்பும் இருக்கிறது. வயலில் பாடுபடுகிறோம். அந்தச் சொல்லிலிருந்துதான் பாட்டாளி வருகிறான். இயேசுவின் சாவுக்குத் தமிழில் பெயர் வைத்த யாரோ ஒருவர், அறிந்தோ அறியாமலோ, அவரைக் கூலிக்காரர்கள் வரிசையில் சேர்த்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். 'கஷ்டப்பட்டேன்' என்று ஒருவர் சொன்னால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். 'பாடுபட்டேன்' என்றால் கேட்பவர் மனம் யாருக்காக என்று காத்திருக்கும். பிள்ளைகளுக்குப் பாடுபட்டேன். ஊருக்குப் பாடுபட்டான். இலக்கணத்தில் அது நான்காம் வேற்றுமை, 'கு' உருபு. துன்பத்தில் அர்த்தம் உண்டா என்று படித்தவர்கள் ஏழாம் வேற்றுமையில் தேடிக்கொண்டே இருக்கிறோம். பெரியம்மா அங்கே தேடவே இல்லை. அவருடைய நோக்கம் எப்போதும் அந்தக் 'கு'வில்தான் இருந்தது.

அவர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர், கேட்டுத் தெரிந்துகொண்டவர். தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும் வழக்கம் உண்டு. அதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற கோவா நாட்டுக் குருவானவர். டச்சுக்காரர்கள் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த இலங்கையில் ஒளிந்தும் மறைந்தும் ஊழியம் செய்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்து, 1742இல் அங்கேயே இறந்தவர். துரத்தப்பட்ட மனிதன் எழுதியது என்பதாலோ என்னவோ, அந்த நூல் சாவுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்து அழுவதுபோல, தாயின் பக்கம் நின்று அழுகிறது. அதைக் கேட்டுப் பெரியம்மா அழுவார். வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த நாட்களில்தான். பெரியப்பா இறந்தபோதுகூட அவ்வளவு அழவில்லை.

சிறுவயதில் எங்கள் ஊரில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். பிலாத்து வேஷத்துக்குப் போட்டி நடக்கும். யூதாஸுக்கு நல்ல நடிகன் வேண்டும். சிரேனே ஊர் சீமோன் வேஷம் மட்டும் யாருக்கும் வேண்டாம், காரணம் அவனுக்கு வசனமே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் மலைக்குப் போகிற ஆள் யாராவது ஒருவரைத்தான் இழுத்து விடுவார்கள். தோள் உரமான ஆள் என்பது ஒரு காரணம். வசனம் கேட்காத ஆள் என்பது இன்னொன்று.

சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலை சீமோனுடையது. மாற்கு அவனைப் பற்றிச் சொல்வது ஒரே ஒரு வாக்கியம். வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் போர்வீரர்கள் பிடித்து, கட்டாயப்படுத்தி இயேசுவின் சிலுவையைச் சுமக்கவைத்தார்கள். அவன் விசுவாசி என்றில்லை. சிலுவையைத் தேர்ந்தெடுத்தவனும் இல்லை. வேலை முடிந்து போன கூலிக்காரனைச் சர்க்கார் ஆட்கள் பிடித்து வெட்டி வேலை வாங்கினார்கள், அவ்வளவுதான். அநியாயம் அநியாயம்தான். ஆனால் அந்தச் சிறிது தூரத்துக்கு இன்னொரு மனிதனின் தோளிலிருந்து பாரம் இறங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. முதலாவதை மறைத்து இரண்டாவதை மட்டும் பிரசங்கிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது பெரியம்மா மெட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டார். 1895இல் திறந்த அணை அது. எங்களுக்கு அதன் தண்ணீர் இருபோக நெல். கீழே பெரியாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அந்த அணை ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் பயம். அந்த வாரம் எல்லையில் இரு பக்கமும் கூட்டம் கூடியது. ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு, பலர் காட்டுப்பாதை வழியாக, இறங்கின. பெரியம்மாவையும் கூட இருந்த நான்கு பெண்களையும் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மலையாளத்துச் சேச்சி தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கப்பக்கிழங்கும் கட்டன்சாயாவும் கொடுத்தார். "ஞங்களுக்கு டேமைப் பேடியா, நிங்ஙளை அல்ல," என்றாராம். எங்களுக்கு அணைதான் பயம், நீங்கள் அல்ல. சேச்சியின் தங்கை கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தது ஆற்றோரத்து உப்புதறையில். விடியுமுன் பாதை தெரிந்த ஒரு பையனைக் கூட அனுப்பி இறக்கிவிட்டார்.

அந்தச் சேச்சியின் குடும்பமும் ஒரு காலத்தில் துரத்தப்பட்டதுதான் என்று பெரியம்மா பின்னால் சொன்னார். 1961இல், இடுக்கி அணைத் திட்டத்துக்காக, ஐயப்பன்கோவிலில் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கான விவசாயிகளை அரசு வெளியேற்றி, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொண்டுவந்து விட்டது. மழைக்காலம். கூரை இல்லை. பெரும்பாலும் மீனச்சில் பக்கத்திலிருந்து பஞ்ச காலத்தில் மலையேறிய சிரியன் கிறிஸ்தவர்கள். அவர்களுக்காக அமராவதியில் உண்ணாவிரதம் இருந்தவர் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன். அவரோடு வந்து நின்றவர்களில் ஜோசப் வடக்கன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர். இரண்டு வருஷம் முன்புதான், 1959இன் விமோசன சமரத்தில், கம்யூனிஸ்டு ஆட்சியைக் கவிழ்க்க முன்னணியில் நின்றவர் அதே வடக்கன். மேடையில் ஒருவரை ஒருவர் சாத்தான் என்று சொல்லாத குறை. மழையில் நனைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு முன்னால் அந்தப் பகை நிற்கவில்லை. வடக்கனை அவருடைய சபையிலேயே பலர் மன்னிக்கவில்லை. அவருடைய அரசியல் முழுவதையும் ஏற்றுக்கொள்ள எனக்கும் முடியாது. ஆனால் ஒருசந்தியைக் காட்டிலும் கனமான தபசு அது என்று தோன்றுகிறது.

பெரிய வெள்ளிக்கிழமை கம்பம்மெட்டிலிருந்து நெடுங்கண்டம் பக்கம் போனால் எழுகும்வயல் குருசுமலைக்கு ஜனம் ஏறுவதைப் பார்க்கலாம். சிலர் மரச்சிலுவையைத் தோளில் வைத்துச் செங்குத்தாக ஏறுவார்கள். 2003இல் உருவான இடுக்கி மறைமாவட்டத்தில் கூட்டம் அதிகம் சேரும் மலைகளில் அது ஒன்று. ஒரு முறை பெரியம்மாவை அழைத்துப் போனேன். பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார். மேலே போக வேண்டாமா என்றேன். "தினம் ஏறுன மலதானய்யா. நீ போய்ட்டு வா," என்றார். அருகே சிலுவையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குத் தன் தூக்குவாளித் தண்ணீரைக் கொடுத்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு மலையாளம் தோட்டத்து அளவில் தெரியும். குடித்துவிட்டு அவன் ஏறிப் போனான்.

மாற்கு சீமோனைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தில் தேவையில்லாத விவரம்போல ஒன்று இருக்கிறது. அவன் அலெக்சாந்தருக்கும் ரூபுக்கும் தகப்பன் என்கிறார். அந்தப் பிள்ளைகள் யார், என்ன ஆனார்கள் என்று சொல்வதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பிள்ளைகள்போலப் பெயரை மட்டும் சொல்லிப் போகிறார். பெரியம்மாவின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. மெட்டில் கங்காணியின் நோட்டிலிருந்து ஜீப்காரர் கூப்பிடுவது வரைக்கும் அவர் மூத்த மகளின் அம்மாதான். அந்த மகள் இப்போது கம்பத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் ஒருநாளும் மலைக்கு ஜீப் ஏறியதில்லை.